நாற்பத்தாறு நாய்களும் இரண்டு புள்ளிக் குட்டிகளும்

வாசகர் கடிதம்:

வணக்கம் டாக்டர் அம்மா. நான் பெஸ்தாரி ஜெயாவில் பாலர்பள்ளி ஆசிரியை. வயது 36. ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து லயங்கள் காலியானபோது, ஆட்கள் விட்டுச்சென்ற நாய்களுக்குச் சோறு வைக்கத் தொடங்கினேன். இன்று அப்பா வாழ்ந்த வீட்டின் பின்கட்டில் 46 நாய்களும் 19 பூனைகளும் இருக்கின்றன. உதவிக்கு இரண்டு தோழிகளும் ஒரு கல்லூரி மாணவனும் வருகிறார்கள். நன்கொடை என் சொந்த வங்கிக் கணக்கில்தான் வருகிறது. கிளினிக்கில் 7,800 ரிங்கிட் கடன் நிற்கிறது. இதற்கிடையில் நான் பணத்தைத் தின்றுவிட்டதாக ஊரில் ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். அண்டை வீட்டார் நாய்ச் சத்தம் தாங்காமல் புகார் கொடுத்திருக்கிறார்கள். கணவர் எதுவும் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் பயமாக இருக்கிறது.

போன வாரம் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர், உடம்பெல்லாம் புள்ளியாக இருந்த இரண்டு பூனைக்குட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பசும்பால் கொடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் குழுவைப் பதிவு செய்து, வனவிலங்குகளையும் சேர்த்துக் காக்கும் பெரிய இல்லமாக்கலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். எனக்கோ சில இரவுகளில் எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

– ஓர் ஆசிரியை, பெஸ்தாரி ஜெயா

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த இரண்டு குட்டிகள். உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் பேசினோம். நீங்களும் தாமதிக்காமல் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள். ஆனாலும் தோட்டப்புறங்களில் இருக்கும் மற்றவர்களுக்கும் இது தெரிய வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவை வீட்டுப் பூனையின் குட்டிகள் அல்ல. நீங்கள் அனுப்பிய படத்தில் காதின் பின்புறம் கறுப்பாக இருந்தது. அதன் நடுவில் வெள்ளைப் பொட்டு. கண்களுக்கு நடுவிலிருந்து நெற்றிக்கு ஏறும் வெள்ளைக் கோடுகள். அது சிறுத்தைப் பூனை. மலாய்க்காரர்கள் கூச்சிங் பத்து என்பார்கள். முழுதாக வளர்ந்தாலும் வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். காட்டை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் தோட்டத்தைவிட்டுப் போகாமல் தாக்குப்பிடித்த சில உயிர்களில் அதுவும் ஒன்று. இரவில் நிரைகளுக்கு இடையே எலி பிடித்துத் தின்று வாழ்கிறது. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நடப்பட்டது உங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அன்றிலிருந்து எத்தனை தலைமுறைக் கூச்சிங் பத்து அந்த மட்டைக் குவியல்களுக்குள் குட்டி போட்டிருக்குமோ!

அந்த அண்ணன் நல்ல மனத்தோடுதான் எடுத்து வந்தார். தாய் செத்துப்போயிருக்கும் என்று நினைத்திருப்பார். ஆனால் தாய் பெரும்பாலும் சாவதில்லை. குட்டிகளை மட்டைக் குவியலுக்குள் ஒளித்துவிட்டு அருகில் எங்கோ பதுங்கியிருக்கும். ஆள் நடமாட்டம் அடங்கும்வரை வராது. குலை வெட்டும்போது இப்படிக் குட்டிகள் கண்ணில் பட்டால், மட்டையை மெல்லப் பழையபடி மூடிவிட்டு அந்த நிரையை அன்றைக்கு விட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போவதுதான் செய்யக்கூடிய பேருதவி. வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொன்னால் போதும். பெரும்பாலான மண்டோர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

கைக்கு வந்துவிட்டது என்றால், காற்றுப் போகும் ஓர் அட்டைப் பெட்டி, உள்ளே பழைய துணி, இருட்டு, அமைதி. பசும்பால் வேண்டவே வேண்டாம். அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். அந்த அளவுக் குட்டி ஒரே நாளில் நீர் வற்றிப் போய்விடும். வீட்டுப் பூனைகள் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. வீட்டுப் பூனைக்கு வரும் பார்வோ வகை வைரஸ் இதையும் கொல்லும். கொஞ்சக் கூடாது. படம் எடுத்துப் போடக் கூடாது. போட்டால் அன்றிரவே விலை கேட்டு யாராவது அழைப்பார்கள். பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் துறையை 1-800-88-5151 என்ற எண்ணில் அழைத்து, எடுத்த இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். எந்தத் தோட்டம், எந்த நிரை என்று தெரிந்தால், குட்டி தாயிடமே திரும்பிப் போவதற்கும் வழியுண்டு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறுத்தைப் பூனை முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. சிறப்பு அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அன்பினால் வைத்திருந்தேன் என்று சொன்னால் அந்தச் சட்டம் விட்டுவிடாது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், மனிதக் கையில் வளர்ந்த கூச்சிங் பத்து பிறகு எலி பிடிக்கத் தெரியாமல், மனிதனைக் கண்டால் ஓடத் தெரியாமல் ஆயுள் முழுக்கக் கூண்டில் கிடக்கும். அதை நாம் காப்பாற்றியதாக எப்படிச் சொல்வது?

இனி உங்கள் பின்கட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் கேட்டது பதிவைப் பற்றி, பணத்தைப் பற்றி. நான் முதலில் கேட்பது நேரத்தைப் பற்றி. ஒரு நாய்க்கு ஒரு நாளில் பத்தே நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு, தண்ணீர், கழுவுதல், காயம் இருக்கிறதா என்று ஒரு பார்வை, தலையில் ஒரு தடவல். 46 நாய்களுக்கு அது 460 நிமிடம். ஏழு மணி நாற்பது நிமிடம். பூனைகளை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. நீங்கள் காலையில் பாலர்பள்ளிக்குப் போகிறவர். அந்தக் கணக்கில் இல்லாத நேரத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? தூக்கத்திலிருந்து, சாப்பாட்டிலிருந்து, கணவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய அந்த அரை மணியிலிருந்து எடுக்கிறீர்கள். அவருடைய மௌனம் கோபமாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களைப் பார்த்துக் கவலைப்பட்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்கூட இருக்கலாம்.

அதனால் என் முதல் ஆலோசனை கடினமானது. இன்றிலிருந்து கதவைச் சாத்துங்கள். புதிதாக ஒரு குட்டியும் உள்ளே வரக் கூடாது. பெட்டியில் வைத்து வாசலில் விட்டுவிட்டுப் போனால்கூட, அது உங்கள் பின்கட்டுக்குள் போகாமல், மாணவனின் வீட்டுக்கோ தோழியின் வீட்டுக்கோ தற்காலிகமாகப் போகட்டும். அங்கே இரண்டு வாரம் தனியாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் எண்ணிக்கை 46லிருந்து 45 ஆகும்வரை, 45 பிறகு 30 ஆகும்வரை இந்த விதி நிற்கட்டும்.

இதைச் சொல்லும்போது உங்களுக்கு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு மாநிலத்தில் ஒரு சிறிய காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருவேன். ஒரு மழை மாலையில் வாசலில் மூன்று குட்டிகள், ஓர் எண்ணெய்ப் பெட்டிக்குள். இடமில்லை என்று அங்கிருந்த அம்மா தயங்கினார். நான்தான் கதவைத் திறந்து உள்ளே கொண்டுபோய், மற்ற குட்டிகளுக்குப் பக்கத்திலேயே போட்டேன். மருத்துவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? நான்காம் நாள் ஒன்று வாந்தி எடுத்தது. பார்வோ. இரண்டு வாரத்தில் அந்தக் காப்பகத்தில் இருந்த 17 குட்டிகளும் போய்விட்டன. கடைசிக் குட்டியைப் புதைத்தபோது அந்த அம்மா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திறந்தவள் நான். இன்றும் மழை நாளில் அட்டைப்பெட்டி ஒன்றைப் பார்த்தால் அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

பார்வோ வைரஸ் நிழலான ஈர மண்ணில் ஓராண்டுக்கும் மேல் உயிரோடு இருக்கும். சாதாரணச் சோப்புக்குச் சாகாது. சலவைக் குளோரினை முப்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்காகக் கலந்து, மலத்தை முதலில் சுத்தமாக எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். உங்கள் தரை சிமெண்டா, மண்ணா என்று எழுதவில்லை. மண் என்றால், நன்கொடையில் வாங்க வேண்டிய முதல் பொருள் சிமெண்டுதான், சோற்று அரிசிகூட அப்புறம்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. வேலையை வாசலுக்கு வெளியே கொண்டுபோகச் சொல்கிறேன். ஒரு பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறை சினைப்படக்கூடும். ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள் போடும். ஏறத்தாழ 63 நாளில் ஈன்றுவிடும். பூனையோ நான்கைந்து மாதக் குட்டியாக இருக்கும்போதே சினைப்பட்டுவிடும். காலி லயங்களிலும் கோவில் பக்கத்திலும் தாமான் குடியிருப்பு ஓரத்திலும் சுற்றும் பத்துப் பெட்டைகளை இந்த ஆண்டு பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காதில் அடையாளமிட்டு, அவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு உங்கள் வாசலுக்கு வரவிருக்கும் அட்டைப்பெட்டிகளில் பாதி வராது. ஆறு ஆண்டுகளாக நீங்கள் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். குழாய் திறந்தே இருக்கிறது. முதலில் நகராண்மைக் கழகத்திடம் போய் இதை எழுத்தில் சொல்லுங்கள். நாய் பிடிப்பவர்கள் வரும் நாளில் உங்கள் காதடையாள நாய்கள் லாரியில் ஏறிவிடக் கூடாது. எத்தனை நாய்க்கு உரிமம், எந்த வகை வீட்டில் எத்தனை என்ற துணைச்சட்ட விதிகளையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மேல் புகார் இருக்கும்போது நீங்களாகவே போய் நிற்பது, அவர்கள் வந்து கதவைத் தட்டுவதைவிட நூறு மடங்கு நல்லது.

உங்கள் தோழிகள் வனவிலங்குகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் அல்லவா? அவர்களிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். 2019 ஜூலையில் திரங்கானுவின் டுங்குன் பகுதியில் ஒரு கம்பத்துக்குள், அதாவது கிராமத்துக்குள், ஓர் ஆண் புலி நடந்துவந்தது. மனிதர்களைக் கண்டு மிரளவில்லை. பிடித்துக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தார்கள். ஆவாங் பெசுல் என்று பெயரிட்டார்கள். சில நாளில் செத்துப்போனது. காரணம், வேட்டைக்காரனின் குண்டு இல்லை. டிஸ்டெம்பர். நம் தெருநாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் அதே வைரஸ் நோய். காட்டில் இனி எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவான மலாயாப் புலிகள். அந்தப் புலிக்கு நோய் எந்த விலங்கிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்வேன்: காட்டோரத்தில், தோட்டத்தோரத்தில் சுற்றும் ஒவ்வொரு நாய்க்கும் டிஸ்டெம்பர் தடுப்பூசி போடுகிறவர்கள் புலிக்காகவும் மரநாய்க்காகவும் வேலை செய்கிறார்கள். கருத்தடை செய்து நாய்க் கூட்டத்தைக் குறைக்கிறவர்கள், அந்தக் கூட்டம் துரத்திக் கொல்லும் உடும்பையும் அழுங்கையும் கூச்சிங் பத்துக் குட்டியையும் காக்கிறார்கள். உங்கள் நாய் வேலையே வனவிலங்கு வேலைதான். அதற்காகக் கூண்டு எதுவும் கட்ட வேண்டியதில்லை.

உண்மையான வனவிலங்குத் தொண்டு பெரும்பாலும் கையால் தொடாத தொண்டு. புலிகளைக் காக்க 2003இல் தொடங்கிய மைகேட் கூட்டணி, 2010 முதல் தொண்டர்களைத் தாமான் நெகாரா தேசியப் பூங்கா ஓரமாக, மேராப்போ பக்கத்துச் சுங்கை யூ காட்டு வழித்தடத்தில் நடக்க அழைத்துப் போகிறது. அவர்கள் புலியைப் பார்ப்பதே இல்லை. நடக்கிறார்கள், கண்ணி கண்டால் தகவல் சொல்கிறார்கள், ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்துக்கு வேட்டைக்காரன் வரத் தயங்குகிறான். பினாங்கில் லங்கூர் குழு ஒன்று 2019இல் தெலுக் பஹாங் சாலைக்கு மேலே பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிப் பாலம் கட்டியது. லொத்தோங் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்கின்றன. உங்களுக்குப் பக்கத்திலேயே கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது. 1940இல் உருவான மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987இல் வந்தது. அந்த மாணவனை ஒரு மாதம் அங்கே அனுப்புங்கள். பறவை எண்ணக் கற்றுக்கொண்டு வரட்டும்.

உங்கள் ஊரில் உங்களைவிட்டால் யாரும் செய்ய மாட்டாத ஒரு வனவிலங்கு வேலையும் இருக்கிறது. தோட்டத்தில் ஆந்தைப் பெட்டிகள் கம்பத்தின் மேல் நிற்குமே, எலிக்காக வைத்தவை. அந்தக் கூகை ஆந்தை விஷம் தின்ற எலியைத் தின்றால் அதுவும் சாகும், விஷம் எந்த வகை என்பதைப் பொறுத்து. செத்த ஆந்தை, செத்த கூச்சிங் பத்து, காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணியில் சிக்கிய உடும்பு, இவற்றையெல்லாம் முதலில் பார்ப்பவர் குலை வெட்டுகிறவர்தான். அவருக்கு யாரிடம் சொல்வது என்று தெரியாது. உங்களைத் தெரியும். தேதி, நிரை எண், என்ன கண்டார், இவ்வளவையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதத்து நோட்டை எடுத்துக்கொண்டு தோட்ட நிர்வாகியைப் பார்த்தால், எந்தப் பகுதியில் எலி மருந்தை நிறுத்தலாம், எங்கே கண்ணி வைக்கிறார்கள் என்று பேசுவதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கும். என் அம்மா இருட்டோடு தோட்டத்துப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர். விடிவதற்கு முன் அவர் கண்டதையெல்லாம் இரவில் எங்களுக்குச் சொல்வார்: எந்த மரத்தில் மூசாங் என்னும் மரநாய், எந்தக் காணில் பாம்பு. அதை எழுதிவைக்க ஒருவரும் இல்லையே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பணத்துக்கு வருகிறேன். இங்கே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒரு காசு தொடவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் ஊர்ப்பணம் உங்கள் சொந்தக் கணக்கில் விழும்வரை, அந்த வாட்ஸ்அப் ஆளுக்குப் பதில் சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை. உங்கள் சம்பளமும், உங்கள் மாமியார் அனுப்பிய பணமும், யாரோ ஒரு பாட்டி நாய்க்குக் கொடுத்த இருபது ரிங்கிட்டும் ஒரே குடத்தில் ஊற்றப்பட்டிருக்கின்றன. எது எதன் தண்ணீர் என்று நீங்களே பிரிக்க முடியாது. இந்த வாரமே நன்கொடை வாங்குவதை நிறுத்துங்கள். பழைய வங்கிக் கணக்குத் தாள்களை எடுத்து, முடிந்தவரை பின்னோக்கி வரவையும் செலவையும் எழுதுங்கள். ரசீது இல்லாத இடத்தில் இல்லை என்று எழுதுங்கள். அதைத் தமிழில் அச்சடித்துக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அவதூறு எழுதியவருக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம்.

பிறகு பதிவு. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால்தான் சங்கம். நீங்கள் நான்கு பேர். இன்னும் மூன்று பேரைத் தேடும்போது நாய்ப்பிரியர்களை மட்டும் தேடாதீர்கள். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, அலுவலக எழுத்தர், யாராவது இருப்பார், அவர் கையெழுத்தே கணக்குப் புத்தகம் போல இருக்கும். உங்களிடம் முடியாது என்று சொல்லக்கூடிய ஒருவரும் வேண்டும். சட்டவிதி எழுதி, செயற்குழு அமைத்து, சங்கப் பதிவிலாகாவிடம் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். பதிவு கிடைத்ததும் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இரண்டு கையெழுத்து. அதில் ஒன்று உங்களுடையதாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை அனுப்ப வேண்டும். பல நல்ல சங்கங்கள் இந்த ஒரு வேலையை மறந்துதான் பதிவை இழக்கின்றன. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் உண்டியல் ஏந்துவதாக இருந்தால் 1947ஆம் ஆண்டு வீடுவீடாகவும் தெருவிலும் நிதி திரட்டும் சட்டத்தின் கீழ் போலீஸ் அனுமதி தேவை. கொடுப்பவருக்கு வருமானவரி விலக்கு கிடைக்கும் தகுதி, வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவு, அதுவும் உண்டு. அதைத் தேடி இப்போதே ஓட வேண்டாம். இரண்டு ஆண்டுக் கணக்கு சுத்தமாகக் கையில் இருக்கட்டும்.

கிளினிக் கடனுக்கு என் தொழில்காரர்கள் சார்பில் ஒரு வார்த்தை. சிறிய ஊர் மருத்துவர் அந்த 7,800 ரிங்கிட்டைத் தன் பையிலிருந்து போட்டு மருந்து வாங்கியிருக்கிறார். அவரை நேரில் பாருங்கள். மாதம் முந்நூறோ நானூறோ, முடிந்ததைச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள். கடனைப் பற்றிப் பேசாமல் அடுத்த நாயைத் தூக்கிக்கொண்டு போவதுதான் எங்களை மனம் நோகச் செய்கிறது. கடிதத்தில் ஓர் இடத்தில், தோழி ஒருவர் மருந்துக்கடையில் ஊசி வாங்கி நாய்களுக்குப் போடுவதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மேலே அச்சிடவில்லை. அதை நிறுத்துங்கள். 1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர்கள் சட்டம் அதை அனுமதிக்கவில்லை என்பது ஒரு பக்கம். அளவு தெரியாமல் போட்ட மருந்து, பிறகு நான் போடும்போது வேலை செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் பெரிய காரணம்.

2015ஆம் ஆண்டு விலங்குகள் நல்வாழ்வுச் சட்டத்தைச் சிலர் அடுத்தவர் மேல் வழக்குப் போட மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கொடுமைக்கு 15,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டுவரை சிறை, அல்லது இரண்டும். நின்று திரும்ப இடமில்லாத கூண்டும் அதில் கொடுமைதான். காப்பாற்றியவர் கட்டிய கூண்டு என்பதற்காக அது பெரிதாகிவிடாது. உங்கள் பின்கட்டின் அளவை நான் பார்க்கவில்லை. நீங்களே ஒரு நாய்க்குக் கிடைக்கும் இடத்தை அளந்து பாருங்கள்.

அண்டை வீட்டார் யார் என்று எழுதவில்லை. மலாய்க் குடும்பம் என்றால், நாய் வேலிக்கு அருகில் நின்று அவர்கள் உலர்த்தும் துணியை முகர்வதே அவர்களுக்குப் பெரிய சங்கடம். தொட்ட இடத்தை முறைப்படி கழுவ வேண்டும். வேலியிலிருந்து உள்ளே தள்ளி இரண்டாவது வேலி போடுங்கள். இரவுச் சோற்றை ஏழு மணிக்கு முன்னால் வையுங்கள். பசித்த நாய்தான் அதிகம் குரைக்கும். போய்ப் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள். பூனைகளைப் பற்றியும் சொல்லிவையுங்கள். பூனை என்றால் நம் மக்களைவிட அவர்கள் வீடுகளில்தான் கதவு சீக்கிரம் திறக்கும். உங்கள் 19 பூனைகளில் பத்துக்காவது அந்தத் தெருவிலேயே வீடு கிடைக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். கருத்தடை செய்த பிறகே கொடுங்கள். பிறகு செய்துகொள்கிறேன் என்று வாங்கிப்போனவர்களில் திரும்பி வந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

தொண்டர்களின் உடம்பும் முக்கியம். லயப் பக்கம் எலி இருக்கும் இடத்தில் எலிக்காய்ச்சலும் இருக்கும். காலில் புண்ணோடு செருப்பில்லாமல் தேங்கிய நீரில் நிற்காதீர்கள், பூட்ஸ் போடுங்கள். நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, எவ்வளவு சின்னக் காயமானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று, எழுதக் கை தயங்குகிறது. 46இல் மூன்று நாய்கள் பின்னங்கால் செயலிழந்து படுத்த படுக்கையாக இருப்பதாகச் சொன்னீர்கள். ஒன்றின் புண்ணில் புழு வைத்து இரண்டு முறை சுத்தம் செய்திருக்கிறீர்கள். அந்த ஒன்றை உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய், குணமாகுமா என்று நேராகக் கேளுங்கள். ஆகாது என்றால், வலியில்லாமல் அதை அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். தலையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைக் கைவிட்டதாக ஆகாது. ஆறு ஆண்டுகளுக்கு முன் காலி லயத்தில் அது தனியாகச் சாகவிருந்தது.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். பெரிய இல்லத்தை விட்டுவிடுங்கள், அதைக் கட்ட வேண்டாம். நாய்களை விட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் பின்கட்டுக்குப் போகவே கூடாது. அன்றைக்கு மற்ற மூவரும் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு நாய்க்குச் சோறு தாமதமாகும், ஆகட்டும். கணவரோடு ஜெராம் வரை போய்க் கடலோரம் மீன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்த கடிதத்தில் எனக்கு ஒரு பட்டியல் அனுப்புங்கள். காலி லயங்களிலும் கோவில் பக்கத்திலும் வெளியே சுற்றும் பெட்டைகள் எத்தனை, எந்தெந்த இடத்தில், எது சினை, எது பால் கொடுக்கிறது. உங்கள் ஊர் மருத்துவரிடம் நானே பேசுகிறேன். அவருடைய கிளினிக்கில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இடம் கொடுத்தால், என் அறுவைப் பெட்டியோடு வந்து அவரோடு சேர்ந்து செய்து கொடுக்கிறேன். பிடிப்பதற்குக் கூண்டும் வண்டியும் ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு எதற்கும் சோறு வைக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும்.